சர்க்கரை என்று சொன்னோம்

பெரம்பலூர்
12.11.2023

அன்புள்ள தம்பி கலைச்செல்வனுக்கு,

எனக்குச் சளி மட்டும் விடவில்லை, மற்றபடி சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி? நீ ராத்திரி தூங்குகிறாயா?

வேலை கிடைத்துவிட்டது. ஆண்டிமடத்துக்கு வெளியே, விருத்தாசலம் ரோட்டில் ஒரு முந்திரி ஆலை. முதலாளி பெயர் சாமிதுரை. பருப்பைத் தரம் பிரிக்கிற மேசை. முழுப்பருப்பு ஒரு தட்டில், பிளந்த பாதி ஒரு தட்டில், குருணை ஒரு தட்டில். உட்கார்ந்து செய்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானம் நீ மாத்திரை போடுவதை அங்கே பார்ப்பார்கள். கை நடுங்குவதைப் பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதையும் பார்ப்பார்கள். அதனால் உனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டேன். அவரும் சர்க்கரைக்காரர். "இந்த வயசுலயாம்மா? பாவம். வரச் சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆறு வருடமாக மனநோய் உள்ளவர்களைக் கடைக்கும் பட்டறைக்கும் கூட்டிப்போய் வேலை வாங்கித் தருகிறேன். முதலாளியிடம் மறைக்காதீர்கள் என்பதுதான் ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் முதலில் சொல்வது. உனக்காகவும் பதினொரு இடத்தில் மறைக்காமல் சொன்னேன். பதினொரு இடத்திலும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டாவது சாமிதுரை.

எம்.எஸ்சி. பாதியில் நின்று ஏழு வருடம். ஏழு வருடமாக நீ ஒரே ஜன்னலைப் பார்க்கிறாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மத்தியானம் ஒன்று, ராத்திரி இரண்டு. விடாதே. போனில் என் குரலோடு வேறு குரல்களும் வருகின்றன என்று நீ சொன்ன நாளிலிருந்து நமக்குக் கடிதம்தான். அதனால் எதையும் விடாமல் எழுது.

உன் அக்கா
நந்தினி


ஆண்டிமடம்
9.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். முழங்கால் மழை நாளில் மட்டும் வலிக்கிறது. ஆடு இரண்டும் சுகம். என்னைப் பற்றிக் கீழே.

போகிறேன். இன்று இருபதாவது நாள்.

தகரக் கூரை. ஒரு மூலையில் கொட்டையை வேகவைக்கும் கொதிகலன். இன்னொரு மூலையில் பருப்பை உலர்த்தும் சூட்டு அடுப்பு. பெண்கள் பதினான்கு பேர். மேசையில் ஆண் நான் மட்டும். எதிரில் பாப்பாத்தி அக்கா. முப்பது வருடமாகப் பருப்பு பார்ப்பவர். முதல் நாள் நான் ஒரு பருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி, பருப்புக்கு ஜாதகம் பாக்குறியா? தட்டுல போடு, அதுக்குக் கல்யாணம் ஆயி புள்ள பொறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அது வெளியே இருந்து வந்த சிரிப்பு. உள்ளே இருந்து வரும் சிரிப்பு வேறு. வித்தியாசம் தெரிந்தது. அது நல்ல அடையாளம் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு டீ. "எங்க ரெண்டு பேருக்கும் சக்கர இல்லாம" என்று முதலாளி எல்லோர் எதிரிலும் கத்துவார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாமல்லாம் ஒரே கட்சி தம்பி." கசக்கிறது. குடித்துவிடுகிறேன். எந்தக் கட்சியிலும் யாரும் என்னைச் சேர்த்ததில்லை.

பொய் சொல்லும்போது நாக்கு தடிக்கிறது. ஆனால் ஒன்று. "எனக்குச் சர்க்கரை" என்று சத்தமாகச் சொல்கிறேன். யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

பொங்கலுக்கு வா.

தம்பி
செல்வன்


ஆண்டிமடம்
18.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் பதில் வரவில்லை. பொங்கலுக்கு நேரில் பார்த்ததே போதும் என்று விட்டிருப்பாய்.

ஒரு சங்கடம். முதலாளியின் மகன் ராஜேஷ் சென்னையிலிருந்து ஒரு மெஷின் அனுப்பியிருக்கிறான். விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தால் சர்க்கரை எவ்வளவு என்று எண் காட்டும். முதலாளிக்கு அது புது விளையாட்டு. என்னை வெறும் வயிற்றில் வரச் சொல்லிக் குத்தினார். தொண்ணூற்று நான்கு. மெஷின் கோளாறு என்றார். தன் விரலைக் குத்தினார். இருநூற்றுப் பதினெட்டு. மெஷினில் கோளாறு இல்லை. அடுத்த நாள் நான் சாப்பிட்ட பிறகு குத்தினார். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு வாரம் இப்படி. என் விரல் நுனிகளெல்லாம் புள்ளி.

நேற்று மேசையருகே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, உனக்கு ஒண்ணுமே இல்லடா!"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எந்த டாக்டருடா உனக்கு எழுதிக் குடுத்தான்? இந்த மாத்திரையாலதான் நீ தூங்கி விழுவுற. கையி நடுங்குது. வாலிபப் பயல இப்புடிக் கெடுத்து வச்சிருக்கானுவோ."

"நான் அப்பவே சொல்லல?" என்றார் பாப்பாத்தி அக்கா. "புள்ள நல்லாத்தான் இருக்குன்னு."

உனக்கு ஒன்றுமே இல்லை. ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எந்த நோயைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லோடு வீடு வரை நடந்தேன்.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது? எழுது. சீக்கிரம் எழுது.

தம்பி
செல்வன்


பெரம்பலூர்
21.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, அலைச்சல்தான். பாலக்கரை பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சசிகலா என்ற பெண்ணைச் சேர்த்திருந்தேன். அவள் பாதி வேலையில் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் தேடினோம். அதன் பிறகு ஆபீஸில் வருடக் கணக்கெடுப்பு.

முதலாளியிடம் இப்படிச் சொல். மாத்திரை போடுவதால்தான் சர்க்கரை அடங்கியிருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் பேச்சை வளர்க்காதே. விரலைக் குத்த விடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அவரிடம் பேசுகிறேன்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். நீ காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிறாய், கலகலப்பாக இருக்கிறாய் என்றாள். "இப்பதான்டி பழைய புள்ளயாட்டம் இருக்கான், நீ ஏதாவது சொல்லிக் கெடுத்துப்புடாத" என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மாத்திரை போடுகிறாய்தானே? ஒரு வரி பதில் போதும்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா
நந்தினி


ஆண்டிமடம்
14.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்தச் சொல்லை இப்போதுதான் முழுதாக எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. பரவாயில்லை. இனி தேவையும் இல்லை.

கை நடுங்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும். காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. என் பழைய இயற்பியல் புத்தகத்தை எடுத்தேன். முதலில் எழுத்துகள் மூடிக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. டீயில் இப்போது இரண்டு கரண்டி சர்க்கரை. "கட்சி மாறிட்டான் பாரு" என்கிறார் முதலாளி. எனக்காகச் சந்தோஷப்படுகிறார். அப்படி ஒரு மனிதர்.

மேசையில் ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பருப்பு பிளந்தால் இரண்டு பாதி. இரண்டும் அந்தத் தட்டில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அப்படியே பெட்டியில் கொட்டி ஊருக்கு ஒன்றாக அனுப்பிவிடுகிறார்கள். நான் ஜோடி பார்க்கிறேன். இன்று பதினேழு. பொருந்தும்போது சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. பாப்பாத்தி அக்காவுக்கு அது கேட்கவில்லையாம். எனக்குக் கேட்கிறது.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
செல்வன்


பெரம்பலூர்
6.5.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் இன்னும் கொஞ்சம் நலமாக்கியது. மூன்று முறை படித்தேன். உன் கையெழுத்து கல்லூரியில் இருந்தது போலத் திரும்பி வந்திருக்கிறது. பதினேழு ஜோடி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார்.

போன வாரம் திருச்சியில் பயிற்சி வகுப்பு. நாற்பது பேர். நான்தான் பேசினேன். பெயர் சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஏழு வருடம் வீட்டில் இருந்தவர், ஆறாவது மாதமாக ஒரே இடத்தில் வேலை செய்கிறார் என்றேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "முதலாளிக்குத் தெரியுங்களா மேடம்?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். அடுத்ததில் எழுது.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
நந்தினி


ஆண்டிமடம்
29.5.2024

தங்கச்சி நந்தினிக்கு சாமிதுரை எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நீ தைரியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் வைத்துவிட்டேன். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது உன்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு நான் பின் வாசல் வழியாகப் போய்விட்டேன். நடந்ததை நான் என் வாயால் உனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மத்தியான மாத்திரை அட்டையைத்தான் நான் வாங்கி வைத்தேன். இனி இது உனக்கு வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் ராத்திரி மாத்திரை அட்டையையும் அவனே கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சிரித்துக்கொண்டே கொடுத்தான். எனக்குப் பெருமையாக இருந்ததம்மா. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

இருபத்திரண்டாம் தேதி லோடு போக வேண்டும். மூன்று நாளாகப் பாதிப் பருப்புத் தட்டை அவன் விடவேயில்லை. கேட்டால், "இதுங்கள்லாம் தனித்தனியாப் போயிடும், நீங்க யாரும் கேக்கமாட்டேங்கிறீங்க" என்றான். பெட்டியைத் தூக்க ஆள் வந்ததும் ஓடிப்போய் ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டிவிட்டான். உள்ளே பதினான்கு பெண்கள். கொதிகலனில் ஆவி ஏறிக்கொண்டிருக்கிறது. நான் வெளியே.

பாப்பாத்தி சாவியை வாங்கப் போயிருக்கிறாள். "குடு சாமி, அக்காகிட்ட குடு" என்றது வெளியே எனக்குக் கேட்டது. அவன் தள்ளியதில் அவள் கை சூட்டு அடுப்பின் தகட்டில் போய் ஊன்றியது. அவள் கத்தவில்லை. அவன்தான் கத்தினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. சாவியை அவனே கீழே போட்டான்.

இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். சர்க்கரைக்கு என்று சொல்லிப் பையிலிருந்த அட்டைகளைக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். இது எதற்கான மாத்திரை என்று சொன்னார். எத்தனை நாளாகப் போடவில்லை என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். யார் நிறுத்தியது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

சாமிதுரை


பெரம்பலூர்
10.6.2024

மதிப்புக்குரிய சாமிதுரை அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறியிருக்கிறது, டீக்கடைப் பக்கம்கூட வருவதில்லை என்று பாப்பாத்தி அக்கா சொன்னார்.

நிறுத்தியது நீங்கள் இல்லை. உங்களிடம் உண்மையைச் சொல்லாத நான். உங்களிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இல்லாத குரல்கள் கேட்கும். மாத்திரை போட்டால் அடங்கும், முழுதாகப் போகாது. மாத்திரையோடு அவன் எப்படி வேலை செய்வான் என்று நீங்களே மூன்று மாதம் பார்த்தீர்கள்.

பாப்பாத்தி அக்காவின் காலில் விழப் போனேன். கட்டுப்போட்ட கையால் தடுத்து, "ஏந்திரிம்மா, அடுப்புகிட்ட வேல பாக்குறவளுக்குச் சூடு புதுசா?" என்றார்.

வார்டில் நினைவு தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மேசையில என் எடத்துல யாரு ஒக்காந்திருக்கா?"

அண்ணே, அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் நான் வந்து பார்க்கிறேன். மத்தியான மாத்திரையை உங்கள் கையாலேயே கொடுங்கள். ஷட்டர் பக்கம் வராத வேலை கொடுங்கள். கொட்டை காயப்போடும் களத்தில் நிறுத்தினாலும் சரி. ஏழு வருடத்தில் அவனாக எழுந்து கிளம்பிப் போன இடம் உங்களுடையது மட்டும்தான்.

வணக்கத்துடன்
நந்தினி


ஆண்டிமடம்
2.7.2024

தங்கச்சிக்கு,

அனைவரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் பாப்பாத்திக்குப் படித்துக் காட்டினேன். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன். "வரட்டுங்க, இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல, பாத்துக்குவோம்" என்கிறார்கள். இரண்டு பேர் பயப்படுகிறார்கள். மற்றவர்களுக்குப் பயமில்லை.

எனக்கும் பயமில்லை. நான்தான் வேண்டாம் என்கிறேன்.

அவன் என் எதிரில் உட்கார்ந்தால் அந்த அட்டைதான் எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு நீட்டிய கை தெரியும். ஒரு நாள் அவன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட நான் எழுந்து போய்விடுவேன். அவனுக்கு வேலை வேண்டும், சரி. என்னைத் தினமும் பார்க்கிற வேலை வேண்டாம்.

நீ பொய் சொன்னதற்குக் கோபம் இல்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எடுத்திருக்க மாட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சாமிதுரை


பெரம்பலூர்
20.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வற்றியதா? சாப்பாடு இறங்குகிறதா?

சாமிதுரை அண்ணன் முடியாது என்றுவிட்டார். உன்மேல் வருத்தம் இல்லை என்கிறார். நிஜம்தான்.

வருகிறேன் என்று எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். காலையில் குளித்துப் புடவை கட்டினேன். வந்தால் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிவரும், சொன்னால் உன் வேலை போய்விடும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் புடவையை மாற்றினேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

தூக்கம் குறைவதும், சத்தம் கேட்பதும் முதல் அறிகுறி என்று ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா போனில் சொன்னாள். நீ எழுதினாய். நான் படித்துச் சிரித்தேன்.

இனி எங்கேயும் மறைக்க மாட்டேன். உன்னையும் கூட வைத்துக்கொண்டு பேசுகிறேன். அடுத்த வாரம் வருகிறேன். துவைத்த சட்டை ஒன்று எடுத்து வை.

அக்கா
நந்தினி


ஆண்டிமடம்
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் மாத்திரை போடுகிறேன். மத்தியானம் ஒன்று, ராத்திரி மூன்று. இந்தக் கடிதம் எழுத நான்கு நாள் ஆனது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நாம் போன நான்கு இடங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். நீ சொல்லும் விதம் நன்றாக இருக்கிறது. என் தம்பிக்கு ஒரு நோய் இருக்கிறது, மருந்தில் இருக்கிறான், வேலை செய்வான். மூன்று வாக்கியம். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உன்னை மட்டும் பார்க்கிறார்கள்.

வரதராஜன்பேட்டை அரவை மில்லில் நீ பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து டிராயரில் வைத்தார். மரியாதையாகத்தான் வைத்தார். சத்தம் வராமல். நீ கவனிக்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்மா" என்றார்.

பாப்பாத்தி அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன். "டேய் ஜாதகக்காரா, நில்லு" என்று கூப்பிட்டார். கையைக் காட்டினார். மூன்று விரல் மடங்கவில்லை. தரம் பிரிக்க முடியாது. இப்போது கூட்டிப் பெருக்குகிறார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஜன்னல் அப்படியே இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். ஐந்தாவது இடத்துக்கு உண்மையைச் சொல்லிக் கூட்டிப் போகாதே. என்னால் இன்னொரு தடவை அப்படி உட்கார முடியாது. பொய்யே சொல். விரலைக் குத்திப் பார்க்க முடியாத ஒன்றாகப் பார்த்துச் சொல்.

தம்பி
செல்வன்


பெரம்பலூர்
15.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு என் அன்பு. நீ சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு இருபது நாள் பதில் எழுதவில்லை.

நேற்று ஜெயங்கொண்டத்தில் ஒரு அட்டைப்பெட்டிப் பட்டறைக்குப் போனேன். அட்டையைக் கோட்டில் மடித்து அடுக்கும் வேலை. அடுப்பு இல்லை. இயந்திரம் வேறு அறையில். நடத்துவது பூங்குழலி என்ற அம்மா. நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார், உட்கார வைத்தார். தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். வயிற்றுப்புண் என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "அய்யய்யோ, காரம் ஆகாதே" என்றார். தயிர்சாதம் கொண்டு போ. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போடுவது போலக் காட்டிக்கொள். யார் எடுத்துப் பார்த்தாலும், யார் சிரித்துக்கொண்டு கேட்டாலும், அட்டையைக் கையை விட்டுக் கொடுக்காதே. ஞாயிறுதோறும் வந்து எண்ணிப் பார்ப்பேன். வரவில்லையென்றால் அம்மாவை விட்டுத் திட்டச் சொல்.

இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். இதற்கு முன்னால் தம்பி எங்கே வேலை செய்தான் என்று. ஆலையின் பெயர் சொன்னால் ஒரு போன் போதும்.

எங்கேயும் செய்ததில்லை என்றேன். நீயும் அப்படியே சொல்.

அக்கா
நந்தினி